கல்நத்தையும் ஒரு ஜாடி மாவடுவும்

"ஐயையோ... கல்லு!"

பொறையாறு தாண்டிய வளைவில் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியபோது நீலாயதாட்சி இப்படித்தான் அலறினாள். மேலே சாமான் தட்டில் வைத்திருந்த அவளுடைய துணிப்பை சரிந்து, நேர் கீழே உட்கார்ந்திருந்தவன் மடியில் விழுந்தது. மடியில் ஒரு பீங்கான் ஜாடி. அது இரண்டாகப் பிளந்தது. உப்புத் தண்ணீர் அவன் வெள்ளைச் சட்டையில் வழிய, மாவடுக்கள் உருண்டு உருண்டு டிரைவர் இருக்கை வரைக்கும் ஓடின.

"கல்லுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள் பதறிப்போய்.

அவன் மெதுவாக நிமிர்ந்து பார்த்தான்.

"கல்லு சௌக்கியமா இருக்குங்க. மனுஷனுக்குத்தான் கொஞ்சம்..."

நீலாவுக்கு முகம் சிவந்துவிட்டது. யாரோ சிரித்தார்கள். கண்டக்டர் குனிந்து ஒரு மாவடுவை எடுத்து, "யாரு சார் ஊறுகாய் போட்டது? வாசனை ஆளைத் தூக்குதே!" என்றார்.

"எங்கக்கா. மாயவரத்துலேர்ந்து அம்மாவுக்குக் குடுத்து வுட்டுது..." என்றவன், பையிலிருந்து எட்டிப் பார்த்த கல்லைக் கையில் எடுத்தான். துண்டால் துடைத்தான். துடைத்த கை அப்படியே நின்றது.

உள்ளங்கையை நிறைத்துச் சுருண்டு கிடந்தது அது. வரிவரியாய், மையத்தை நோக்கிச் சுழன்று சுழன்று... ஓரிடத்தில் மேல் ஓடு தேய்ந்து, கீரை இலையின் விளிம்பு போல நெளிநெளியாய்க் கோடுகள்.

"இது என்னங்க? ஆட்டுக்கொம்பா?"

"அம்மோனைட். எங்க சித்தி ஊர்ல கல்நத்தைம்பாங்க. கடல்ல நீந்திக்கிட்டிருந்த பிராணி. ஓடு மட்டும் கல்லா மாறிப்போயிருக்கு."

"எங்க கெடச்சுது?"

"அரியலூர் பக்கம், ஓடைக்கரையில."

"அங்க ஏதுங்க கடல்?"

"இருந்துச்சு," என்றாள், நேற்றுதான் குளித்துவிட்டு வந்தவள் போல.

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு முதலில் கண்ணில்தான் வந்தது. பிறகுதான் உதட்டுக்கு... நீலா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே கோடை மழை பிடித்துக்கொண்டிருந்தது.

கோட்டுச்சேரியில் அவன் எழுந்தான்.

"ஜாடிக்கு நான்..." என்று ஆரம்பித்தாள்.

"வுடுங்க. எங்கம்மாகிட்ட, கடல்லேர்ந்து ஒரு நத்தை வந்து ஒடச்சிட்டுப் போயிடுச்சுன்னு சொல்லிக்கிறேன்."

மழையில் நனைந்துகொண்டே போனான். பேர்கூடக் கேட்கவில்லையே என்று காரைக்கால் வரும்வரை அவள் மனம் அடித்துக்கொண்டது.

பேர் பூமிநாதன் என்பது மாங்கனித் திருவிழாவில்தான் தெரிந்தது. திருவிழாவை ஒட்டி நடந்த பொருட்காட்சியில், தான் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளியின் சார்பாக, நீலா தன் அம்மோனைட்டுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்தாள். விரல்நகம் அளவு முதல் சாப்பாட்டுத் தட்டு அளவு வரை... ஒவ்வொன்றின் கீழும் கிடைத்த இடம் எழுதிய அட்டை. அடுத்த அரங்கு விவசாய இலாகாவுடையது. நாற்றங்கால் தட்டோடு உள்ளே வந்தவனைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த அட்டை நழுவியது.

"நல்லவேளை, அட்டைதான்," என்றான் பூமிநாதன்.

கூட்டம் மாம்பழத்துக்கும் ராட்டினத்துக்கும்தான் ஓடியது. "சீ, வெறுங்கல்லு!" என்று எட்டிப் பார்த்தவர்களும் நகர்ந்தார்கள். பூமிநாதன் மட்டும் ஆள் இல்லாத நேரமெல்லாம் வந்து நின்றான். ஒருநாள் பேச்சு அவளை அறியாமல் வந்துவிட்டது.

"பொருட்காட்சி முடிஞ்சா இதையெல்லாம் பள்ளிக்கூடத்துக்கே குடுத்துடணும். திருவாரூர்லேர்ந்து பொண்ணு பாக்க வர்றாங்க. வீடு பூரா கல்லு கெடந்தா என்ன நெனைப்பாங்கன்னு அப்பா சொல்றாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னுட்டேன்..."

அவன் நாற்றங்கால் தட்டை எடுத்துக்கொண்டு தன் அரங்குக்குத் திரும்பிவிட்டான். அவன் போன விதம் அவளுக்கு ஏனோ வலித்தது.

மறுநாள் பெட்டியைத் திறந்து வைத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால்... கோயிலிலிருந்து வந்த ஒரு வயதான அம்மாள், உள்ளதிலேயே பெரிய அம்மோனைட்டில் குங்குமம் இட்டு, தலையிலிருந்த பூவில் ஒரு கிள்ளு வைத்து, கண்மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க! இது சாமியா? படிக்காதவங்கள உள்ள வுட்டா இப்படித்தான்..."

சொல்லி முடிப்பதற்குள் பின்னால் ஒரு குரல்.

"வாம்மா... போவலாம்."

பூமிநாதன்!

தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நீலாவைப் பார்க்காமலே சொன்னான். "சாளக்கிராமம்னு நெனைச்சிட்டாங்க. அதுக்காக அப்படிப் பேசியிருக்க வேணாங்க."

"பொருளைப் பாழாக்கினா சும்மா பாத்துக்கிட்டிருக்க முடியுமா?" என்று வீறாப்பாகக் கேட்டாள். ஆனால் அதற்குள் அவர்கள் வெளியே போயிருந்தார்கள்.

அதன்பிறகு அவன் அந்தப் பக்கம் வரவேயில்லை. பொருட்காட்சி முடிந்து கற்களைத் துணியில் சுற்றும்போது, குங்குமம் அந்த நெளிகோடுகளுக்குள் இறங்கியிருப்பதைப் பார்த்தாள். ஈரத்துணியை எடுத்தாள்... கை ஓடவில்லை. இத்தனை பேர் வந்து போனார்களே, இதன் முன்னால் நின்று கை குவித்தவர் அந்த ஒருவர்தானே! அவரையா அப்படிச் சொன்னோம்?

கடைத்தெருவில் ஒரு பீங்கான் ஜாடி வாங்கினாள். விவசாய இலாகாக்காரர்களிடம் விலாசம் கேட்டுக்கொண்டு கோட்டுச்சேரிக்குப் பஸ் ஏறினாள்.

பூமிநாதனின் அம்மா லோகாம்பாள் வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். நீலா ஜாடியைக் கீழே வைத்துவிட்டு, பேச வார்த்தை கிடைக்காமல் அழுதேவிட்டாள்.

"அன்னிக்கு நான் பேசினது தப்புங்கம்மா..."

"அட, இதுக்கா பாப்பா அழுவுற? கொஞ்சம் சுருக்குன்னுதான் இருந்துச்சு. இல்லன்னு சொல்லல. உள்ள வா." மோர் கொடுத்தார். பிறகு ஆவலாகப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அது சாமி இல்லன்னா, வேற என்னதான் பாப்பா?"

நீலா பையிலிருந்து குங்குமம் படிந்த அந்தக் கல்லை எடுத்தாள். கடல் கிடந்த கதையை, ஓட்டுக்குள்ளே அறை அறையாய்க் கட்டிக்கொண்டு வளர்ந்த பிராணியின் கதையைச் சொன்னாள். உள்ளே வந்த பூமிநாதன் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான்.

"அப்ப இதுக்கு உசுரு இருந்துச்சா?" லோகாம்பாள் கல்லைத் தடவினார். "குஞ்செல்லாம் போட்டுருக்கும்ல?"

"போட்டிருக்கும்மா."

"பின்ன, நான் கும்பிட்டதுல ஒண்ணும் தப்பில்ல," என்றார் திருப்தியாக.

நீலா சிரித்தாள். அழுத கண்ணோடு சிரித்த அந்த முகத்தைப் பார்த்தவனுக்கு, இருந்த கோபம் எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை.

பஸ் நிறுத்தம் வரை கூட வந்தான். தூறல் ஆரம்பித்திருந்தது. புளியமரத்தடியில் ஒதுங்கி நின்றார்கள்.

"கல்லுங்களைக் குடுத்தாச்சா?"

"நாளைக்கு."

"குடுக்காதீங்க..." என்றான். "எங்க வீட்டுக் கூடம் பெருசு. ஒரு சுவரு பூரா அலமாரி அடிச்சிடலாம். அம்மா தெனம் ஒண்ணு ஒண்ணாக் கதை கேக்கும்."

"கல்லுங்களுக்கு மட்டும்தான் இடமா?"

"அதுங்க தனியா வராதேங்க..."

தூறலில் அவள் இமைகளில் சின்னச் சின்னதாய் முத்துகள். அவற்றின் ஊடே அவனை நேராகப் பார்த்தாள்.

"அலமாரிக்காக வர்றேன்னு நெனைச்சுக்கக் கூடாது. இன்னிக்கே அப்பாகிட்ட நான் பேசுறேன். திருவாரூர்க்காரங்க வர வேணாம்னு நானே சொல்லிடுறேன். கத்துவாரு... கத்தட்டும். எனக்கு உங்களைத்தான் புடிச்சிருக்கு."

பூமிநாதன் காதை அவள் பக்கம் சாய்த்தான்.

"மழைச் சத்தத்துல சரியா கேக்கலைங்க..."

"பொய்யி. இது தூறல்தான்."

"ஆமா, பொய்தான்," என்றான். "ரொம்ப நாளா நான் சொல்லணும்னு நெனைச்சதை நீங்க முந்திக்கிட்டீங்க. எனக்கும் உங்களைத்தாங்க... இருந்தாலும், இன்னொரு தடவை சொல்லுங்களேன்..."

நீலா தலையைக் குனிந்துகொண்டாள். காது மடல் வரைக்கும் சிவந்தது.

பிறகு, இன்னும் மெல்லிய குரலில், சொன்னாள்.