மூராவில் ஏறிய பாரம்

மிதவை ஒரு சாண் தாழ்ந்திருந்தது. டிராக்டர் ஏறினால்தான் அப்படித் தாழும். பதினெட்டு வருடமாக மூரா ஆற்றில் அந்த மிதவையை ஓட்டும் கேஸாவுக்கு அது நன்றாகத் தெரியும். இப்போது மேலே இருந்ததோ அவனும், அக்கரைக்கு வீடு திரும்பும் எட்டெல்காவும், அவளுடைய சைக்கிளும் மட்டும்தான்.

“என்ன கேஸா அண்ணே, மார்ட்டின் திருநாள் விருந்துக்குச் சுட்ட வாத்தை முழுசா நீங்களே முழுங்கிட்டீங்களா? இந்த அமுங்கு அமுங்குது!”

“எல்லாம் உன் வாயோட பாரம்தான்மா,” என்றான். சிரிப்பு வரவில்லை.

இரண்டு தோணிகளை இணைத்து மேலே பலகை அடித்த மிதவை அது. எஞ்சின் கிடையாது. கரைக்குக் கரை கட்டிய இரும்புக் கயிற்றில் தொங்கியபடி, நீரோட்டத்தின் தள்ளலிலேயே அக்கரை சேரும். மாலை நான்கு மணிக்கே இறங்கிவிட்ட மூடுபனி இரு கரைகளையும் விழுங்கியிருக்க, அழுகிய இலைகளின் வாடையும், தலைக்கு மேல் உருளும் கப்பியின் கிறீச்சொலியும், பலகைகளுக்குக் கீழே தோணிகளின் இடைவெளியில் ஓடும் தண்ணீர் எதிலோ முட்டி முட்டிச் செல்லும் சத்தமும் மட்டுமே மிஞ்சியிருந்தன.

நடு ஆற்றில் கப்பி நின்றது.

மிதவையின் பின்மூலை அமுங்கியது. பலகை மேல் தண்ணீர் ஏறியது. பிறகு மூலை மெல்ல எழ, அடுத்த பலகை முனகியது. அதற்கடுத்த பலகை. யாரோ நிதானமாக நடந்து வருவதுபோல். அங்கே யாரும் இல்லை.

“எட்டெல்கா, இங்க வா. என் பக்கத்துல வந்து நில்லு.”

“ஏன், என்ன ஆச்சு?”

“கேள்வி கேக்காத, வா!”

பனி நடுவே புகுந்து அவளை மறைத்தது. இன்னொரு முனகல். அவள் நின்ற இடத்தில். சைக்கிள் விழுந்தது. தண்ணீரில் ஏதோ மெல்ல நழுவியது.

மிதவை சட்டென்று எழுந்தது. கப்பி உருண்டது.

“எட்டெல்கா!”

“இங்கதானே இருக்கேன்,” என்றது அவள் குரல்.

பனி விலகியது. சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தாள். கேஸாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

கரையில் அவள் கணவன் கோல்மன் காத்திருந்தான். “சீக்கிரம் வாடி, சூப்பு ஆறிப்போவுது!” என்று சைக்கிளை வாங்கிக்கொண்டான். அவள் கரைக்குத் தாவினாள். மிதவை ஆடவில்லை. துளிகூட.

அப்போதுதான் கீழேயிருந்து தட்டும் சத்தம்.

“அண்ணே… பலகையத் தூக்குங்க… மூச்சு முட்டுது…”

எட்டெல்காவின் குரல்.

பலகை இடுக்கு வழியாக நான்கு விரல்கள் வெளியே வந்தன. ஒன்றில் அவளுடைய கல்யாண மோதிரம்.

கோல்மனைக் கூப்பிட கேஸா வாயைத் திறந்தான். கரையில் போய்க்கொண்டிருந்தவள் திரும்பினாள். அவனைப் பார்த்தாள். வெறுமனே பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

“நாளைக்குப் பாக்கலாம் கேஸா!” கோல்மன் அவள் தோளில் கைபோட்டு நடந்தான்.

கேஸா குனியவில்லை. குனிய முடியவில்லை. அந்தப் பலகையின் மேலேயே நின்றான். விரல்கள் அவன் காலணியைத் தடவின. பிடித்துக்கொண்டன.

மிதவை தானாகவே நடு ஆற்றுக்குத் திரும்பத் தொடங்கியது.