தபால்காரரின் பாதிச் சட்டை

அழுகிறவர் கையில் சவரக்கத்தி இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் புத்திசாலித்தனம். ஓய்வு பெற்ற காவல் ஆய்வாளர் கன்னத்து நுரை முழுவதும் வழிக்கப்படும்வரை அசையவில்லை. முகத்தைத் துடைத்துவிட்ட பிறகுதான், "இப்ப சொல்லும்மா, என்ன ஆச்சு?" என்றார்.

அந்த முதியோர் பராமரிப்பு இல்லத்தில், அவருக்குச் சவரம் செய்துவிட்டவளை எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, ஊட்டுவது என்று பத்து வருடமாக இதே வேலை. வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவள் ஆசைப்பட்டதில்லை.

"தபால்காரர் ஐயா திங்கக்கிழமை கட்டில்லேருந்து விழுந்தாரில்ல, என் அஜாக்கிரதைதான் காரணம்னு நாளைக்கு மேலிடத்துக்கு எழுதி அனுப்பப் போறாங்க. அப்புறம் எந்த இல்லத்துலயும் என்னைச் சேர்த்துக்க மாட்டாங்க."

அடுத்த கட்டிலில் இருந்த ஓவிய வாத்தியார் அதற்குள் நோட்டை எடுத்துவிட்டார். துப்பு துலக்குவது என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். "எனக்கு நிர்வாகி மேலதான் சந்தேகம் சார்."

"போன வாரம் சமையல்காரர் மேல இருந்துதே, அது தீர்ந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு ஆய்வாளர் மின்னலிடம் திரும்பினார். "நீ ஒண்ணு விடாம சொல்லு."

பக்கவாதத்தில் தபால்காரருக்கு வலது பக்கம் விழுந்துபோய், பேச்சும் போய்விட்டது. திங்கட்கிழமை காலை மின்னல் அவர் உடம்பைத் துடைத்து, போர்த்திவிட்டு, கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றிவிட்டு, அழுக்குத் துணியைப் போட்டு வரப் போனாள். ஐந்து நிமிடம்தான். திரும்பி வந்தால் கம்பி இறங்கியிருந்தது. மனிதர் இடுப்பு உடைந்து தரையில் கிடந்தார். நாற்காலியில் மடித்து வைத்திருந்த மாற்றுச் சட்டை பாதி மாட்டப்பட்டிருந்தது.

"சட்டையை நான் தொடவே இல்லைய்யா. பாதியில விட்டுட்டுப் போனது நான்தான்னு நிர்வாகி சொல்றார். கம்பியை ஏத்தாம போனதைப் பார்த்தேன்னு யாரோ எழுதியே குடுத்திருக்காங்களாம், பேரைச் சொல்ல மாட்டேங்கறார். பஞ்சு மட்டும் இல்லேன்னா இந்த மூணு நாள்ல எனக்குப் பைத்தியமே பிடிச்சிருக்கும்."

பஞ்சு அவளோடு வேலை பார்ப்பவள். இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற அளவுக்கு ஒட்டு.

"சட்டை பாதின்னா எந்தப் பாதி?" என்றார் ஆய்வாளர்.

அவள் கண்ணை மூடி யோசித்தாள். "இடது கை சட்டைக்குள்ள. வலது கை வெளியில."

"நீ மாட்டிவிட்டா எப்படி மாட்டுவே?"

"விழுந்த கையைத்தான் முதல்ல நுழைப்போம். நல்ல கை அப்புறம் தானா வளைஞ்சு வந்துடும். கழட்டறப்போ நல்ல கை முதல்ல..." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள்.

"ஆக, வேலை தெரியாத யாரோ!" என்றார் வாத்தியார்.

"வேலை தெரியாதவங்களுக்கு அந்தக் கம்பியோட கொக்கியே பிடிபடாது. நானே நாலு தடவை முயற்சி பண்ணித் தோத்திருக்கேன்," என்றார் ஆய்வாளர். "இது வேலை தெரிஞ்ச கைதான். ஆனா வேற ஒருத்தருக்குப் பழகின கை. இடது பக்கம் விழுந்த ஆளுக்குத் தினமும் மாட்டிவிடற கை. அவசரத்துல பழக்கத்துக்குப் போயிடுச்சு. இடது கையை நுழைச்சுட்டு, வலது கையால கட்டில் விளிம்பைப் பிடிச்சு உக்காருங்கன்னு பிடியை விட்டிருக்கும். தபால்காரர் எந்தக் கையால பிடிப்பார்?"

இடது பக்கம் விழுந்தவர் அந்த இல்லத்தில் ஒரே ஒருவர்தான், பக்கத்து அறைத் தையல்காரர். அடுத்த கேள்வியை ஆய்வாளர் கேட்காமல் இருக்க வேண்டுமே என்று மின்னல் தவித்தாள். அவர் கேட்டார்.

"தையல்காரருக்கு யாரும்மா உடுத்திவிடறது?"

"பஞ்சு," என்றாள்.

அரை மணி நேரத்தில் நிர்வாகியும் பஞ்சுவும் அந்த அறைக்கு அழைக்கப்பட்டார்கள். ஆய்வாளர் குரலை உயர்த்தாமல் சட்டையின் கதையை முதலிலிருந்து சொன்னார். அவர் வலது கைக்கு வந்தபோதே பஞ்சுவின் முகம் வெளுத்துவிட்டது.

"உனக்கு வேலை சீக்கிரம் முடியட்டும்னுதான்க்கா உள்ள வந்தேன்," என்று மின்னலைப் பார்த்துச் சொன்னாள். "கையை விட்டதும் சரிஞ்சுட்டார். பயந்து ஓடிட்டேன்."

"அப்ப இது?" என்று நிர்வாகி கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துப் போட்டார். கீழே பஞ்சுவின் கையெழுத்து.

"நீங்க துருவித் துருவிக் கேட்டீங்க. மாட்டறது நானா அக்காவான்னு ஆயிடுச்சு சார்."

மின்னலைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை என்று நிர்வாகி சொன்னார். வாத்தியார் வெற்றிப் புன்னகையோடு மின்னலைப் பார்த்தார். அவள் முகத்தைக் கண்டதும் நோட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

பஞ்சு அவள் கையைப் பிடிக்க வந்தாள். மின்னல் கையை இழுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேருமாப் போய் நின்னிருப்போம். எழுதிக் குடுத்ததைக்கூட பயம்னு விட்டுடலாம்டி. எழுதிக் குடுத்துட்டு நேரா வந்து என் கண்ணைத் துடைச்சியே. இனிமே யார் வந்து துடைச்சாலும் நான் சந்தேகப்படுவேனே, அதுக்கு என்ன பண்ணப் போறே?"