மாயாண்டி அடிச்ச மருந்து

காலை ஏழு மணி. மலேசியாவின் பாகான் டத்தோவில், தென்னந்தோப்பை ஒட்டிய வீட்டில் மாயாண்டி செத்துக் கிடந்தார். ஈப்போவிலிருந்து ஓடி வந்த மகள் சாந்தினியைத் தம்பி தனேஷ் வாசலிலேயே மறித்தான்.

"நீ போட்ட ஊசிதான் அப்பாவக் கொன்னுச்சு. அந்தக் கையால வாய்க்கரிசி போடாத."

சாந்தினி கிளினிக்கில் மிஸி, அதாவது நர்ஸ். போன வாரம் அப்பாவுக்குக் கோவிட் ஊசி போட்டவள் அவளேதான். பெற்ற மகளுக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்? ஆனாலும் போலீசை அழைத்ததும் அவள்தான். தன் கையால் செத்தாரா என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இன்ஸ்பெக்டர் ஜோவான், சித்தியவான் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த பெண். வந்ததும் முதலில் டாக்டருக்குப் போன் போட்டார். ஊசிக்குப் பின் நரம்பு தளர்வது வெகு அபூர்வமாக உண்டு, பொய் சொல்ல மாட்டேன், ஆனால் அது வர நாளாகும் என்றார் டாக்டர். மாயாண்டிக்கோ மறுநாளே வாந்தி. அப்புறம் கழுத்து நிற்கவில்லை, கைகால் விழுந்தது, கடைசியில் மூச்சும் போனது.

காய்ச்சல் அடித்ததா என்று தனேஷிடம் கேட்டார் ஜோவான். இல்லையாம். வேர்த்து ஊற்றியதாம், எச்சில் ஒழுகியதாம். ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டுபோகவில்லை? அங்கேயும் ஊசிதானே போடுவாங்க என்றான் தனேஷ்.

பின்புறம் கோழிக்கூண்டு காலி. மூசாங் மரநாய் தூக்கிட்டுப் போச்சு என்றான் தனேஷ். கூண்டுக் கதவில் ஒரு கீறலும் இல்லை.

சாந்தினி போனை நீட்டினாள். நேற்றிரவு அப்பா பேசி அனுப்பிய கடைசிக் குரல். அதைக் கேட்டுக் கேட்டே அழுதிருக்கிறாள்.

"மருந்து அடிச்சதிலேர்ந்து கழுத்து நிக்கலம்மா."

ஜோவான் இரண்டு முறை கேட்டார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார்.

"ஊசின்னா போடுவாங்க. மருந்து அடிக்கிறது எங்கேன்னு தோட்டத்துல பொறந்த எனக்குத் தெரியாதா, தனேஷ்?"

அவன் முகம் வெளுத்தது. ஊசி போட்ட மறுநாள், தென்னை வண்டுக்கு, தடை செய்த பூச்சி மருந்தை மலிவாக வாங்கி, முகமூடிகூட இல்லாமல் கிழவரிடம் கொடுத்து மரத்துக்கு அடிக்கச் சொன்னவன் அவன். அன்றைக்கே கோழிகளும் செத்தன. புதைத்துவிட்டான். அப்பா விழுந்ததும் பயம் வந்தது. பழி போட அக்காவின் ஊசி வசதியாகக் கிடைத்தது.

"சாவாருன்னு நெனைக்கல, மேடம்."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா பொழச்சிருக்கலாம்."

பிரேதப் பரிசோதனையில் ரத்தத்தில் அதே விஷம் தெரிந்தது. உடல் வீடு திரும்பியபோது தனேஷ் லாக்கப்பில் இருந்தான்.

சாந்தினி அரிசியை அள்ளினாள். ஊசி போட்ட அந்தக் கையாலேயே போட்டாள்.