இருட்டைச் செதுக்கிய கை

"செத்தவங்க வந்து படம் போடுறாங்கன்னு சொன்னா நம்புவீங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார், மரக்கட்டையில் படம் செதுக்கி அச்சடிக்கும் பட்டறையின் பொறுப்பாளரம்மா. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"முதல்ல படத்தைக் காட்டுங்க. நம்புறதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் சித்தி. துப்பறிவது அவர் தொழில். சித்தி என்பது அவருடைய அக்கா மகன் கூப்பிடும் முறை. அவன் உதவியாளனாக வந்து ஒட்டிக்கொண்ட பிறகு ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது.

நான்கு தாள்கள் மேஜையில் விரிந்தன. முதல் தாள் முழுக்கக் கறுப்பு, நடுவே ஒரு ஜன்னல் மட்டும் வெள்ளை. இரண்டாவதில் அதே இருட்டு, ஜன்னலோரம் ஒரு நாற்காலி. மூன்றாவதில் அந்த நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார். கழுத்தின் இருபுறமும் மெல்லிய துணியொன்று தொங்கியது, அதில் குறுக்குக் கோடுகள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. நான்காவதில் முகம் வந்துவிட்டது. பெண் முகம், வலது கன்னத்தில் மச்சம்.

அக்கா மகன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"எங்க ஓவியரம்மா முகம்தான் அது. காய்ச்சல்ல போய் ரெண்டு மாசமாச்சு. வாரத்துக்கு ஒண்ணா, காலையில கதவைத் திறந்தா காயப்போடுற கொடியில தொங்குது. பூட்டு உடையல. சொந்தமா அச்சுப்பொறி வாங்க முடியாத ஓவியர்களுக்குத்தான் எங்க பட்டறையே. சுத்துப்பட்டு ஊர்கள்ல இருந்து வருவாங்க. இப்ப பயந்துக்கிட்டு ஒருத்தரைத் தவிர யாரும் வர்றதில்ல. ஆள் வரலைன்னா இடத்தைக் காலி பண்ணுங்கன்னு கட்டடக்காரர் சொல்லிட்டார்."

"அந்தம்மா பாதியில விட்டுட்டுப்போன மரக்கட்டை எதாவது உண்டா?"

"இருந்துச்சு. போனவங்க முடிக்காத கட்டையில குறுக்க ஒரு வெட்டு வெட்டிடுறது எங்க வழக்கம், வேற யாரும் அதை அச்சடிக்கக் கூடாதுன்னு. வெட்டலாம்னு போனப்ப கட்டையைக் காணோம்."

சித்தி தாள்களைத் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொன்றின் பின்புற மூலையிலும் சின்னதாக ஒரு நீலக் கோடு இருந்தது.

மூவரும் போய்ச் சேர்ந்த பட்டறை ஒரு நீண்ட அறை. மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. ஜன்னலோரம் படத்தில் கண்ட அதே நாற்காலி, எதிரே ஓவியரம்மாவின் ஆளில்லாத மேஜை, சுவரில் அவர் சிரிக்கும் புகைப்படம். அதில் மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. அன்று வந்திருந்த ஓவியர் ஒரே ஒருவர்தான்: மீன்களையே செதுக்கும் பெரிய மீசைக்காரர். பின்னால் யாரும் வரக்கூடாதென்று சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தார். எதிர்க்கடைத் தையல்காரர், அதாவது ஓவியரம்மாவின் கணவர், கழுத்தில் அளவு நாடாவோடு வந்து, ஓவியர்கள் கட்டிக்கொள்ளும் ஏப்ரன்களுக்குத் தையல் சாக்பீஸால் நீலக் குறி போட்டுக்கொண்டிருந்தார்.

"மீசைதான் சித்தி! பயப்படுற மாதிரி நடிக்கிறார்" என்று கிசுகிசுத்தான் அக்கா மகன்.

"நடிக்கிறவர் சோத்தை விடமாட்டார்டா. டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்ல பாரு."

எல்லோரையும் உட்காரவைத்து, தாள்களை வரிசையாகக் கொடியில் மாட்டினார் சித்தி.

"இது நாலு கட்டை இல்ல, ஒரே கட்டை. கொஞ்சம் வெட்டி ஒரு தாள் அச்சடிச்சு, மறுபடி வெட்டி இன்னொரு தாள் அச்சடிச்சிருக்காங்க. வெட்டின இடத்துல மை ஒட்டாது. அதான் இருட்டு குறைஞ்சுக்கிட்டே வருது. பேய்க்கு உளி எதுக்கு?"

மீசைக்காரர் முதல் முறையாக முதுகைச் சுவரிலிருந்து எடுத்தார்.

"படத்துல ரெண்டு பேரோட கை இருக்கு. ஜன்னலும் நாற்காலியும் நிஜத்துல இருக்கிற பக்கமே இருக்கு. கட்டையில இடம் வலம் மாத்தி வரைஞ்சாத்தான் அச்சுல அப்படி வரும். அதை ஓவியரம்மா பென்சில்ல வரைஞ்சு வச்சிருக்காங்க, முகத்தை மட்டும் விட்டுட்டு. முகம் வேற ஆளோடது. போட்டோவைப் பாத்து அப்படியே செதுக்கிட்டாங்க, மச்சம் கன்னம் மாறிடுச்சு. இங்க அச்சடிக்கிறவங்க யாரும் இந்தத் தப்பைப் பண்ணமாட்டாங்க. ஓவியரம்மாகிட்ட ஒரு பட்டறைச் சாவி இருந்திருக்கும், அது இப்ப வீட்டுல இருக்கும். தாள் நேரா உக்காரணும்னு மூலையில நீலக் குறி வேற."

தையல்காரர் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"குறுக்க வெட்டப்போறோம்னாங்க. எப்படிங்க பாத்துக்கிட்டு இருக்கறது? அவ போட்ட கோட்டு மேலேயே வெட்டினேன், துணி வெட்டுற கைதானே. அவ படமெல்லாம் இந்தக் கொடியிலதான் காயும். அதான் ராத்திரி வந்து அச்சடிச்சு இங்கேயே மாட்டினேன். நீங்க பயப்படுவீங்கன்னு தோணல. தெரிஞ்சப்புறம், சொன்னா கட்டையை வாங்கி வெட்டிடுவீங்களோன்னு சொல்லல. முகத்தை மட்டும் ஏன் விட்டான்னு தெரியல. தன்னையே வரைய வெக்கப்பட்டிருப்பான்னு நெனச்சேன்."

சித்தி மூன்றாவது தாளைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டார். எந்த வழக்கிலும் அவர் இப்படித் தயங்கி அக்கா மகன் பார்த்ததில்லை.

"ஐயா, உக்காந்திருக்கறது அவங்க இல்ல. கழுத்துல தொங்குறது என்னன்னு பாருங்க."

"அவ துப்பட்டாங்க."

"அந்தக் குறுக்குக் கோடெல்லாம் ஒரே இடைவெளியில இருக்கே."

தையல்காரர் எழுந்து படத்தின் அருகே போனார். அவர் கை தானாகக் கழுத்துக்குப் போய் அளவு நாடாவைத் தொட்டது. அப்படியே நின்றுவிட்டார்.

"ஒரு நாள் வந்து உக்காருங்கன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா" என்றார் கடைசியில். "பேச்சுத் துணைக்குத்தான் கூப்பிடுறான்னு நெனச்சேன். கடையை யாரு பாக்கறதுன்னு கேட்டு விட்டுட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு பொறுப்பாளரம்மாவைப் பார்த்தார். "முகத்தை மாத்த முடியுமா?"

"வெட்டின மரம் ஒட்டாதுங்க" என்றார் அவர். சொல்லும்போதே அழுதுவிட்டார். "குறுக்க வெட்டமாட்டேன். கட்டையைக் கொண்டுவந்து அவங்க மேஜையில வைங்க."

மீசைக்காரர் ஜன்னலோர நாற்காலியைத் துடைத்தார். "வந்து உக்காருங்கண்ணே. எனக்கு மீன் முகம்தான் வரும். இருந்தாலும் முயற்சி பண்றேன்."

பொறுப்பாளரம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே ஒவ்வொரு ஓவியருக்கும் போன் போட ஆரம்பித்தார்: "பேயுமில்ல பிசாசுமில்ல. நம்ம தையல்காரர் உக்காந்திருக்கார். கட்டையை எடுத்துக்கிட்டு வாங்க."

தையல்காரர் உட்கார்ந்தார். நாடாவைக் கழற்றப் போனவர், கழற்றாமல் விட்டுவிட்டார்.

"எந்தப் பக்கம் பாக்கணும்?" என்று கேட்டார்.

யாரும் சொல்வதற்கு முன்பே, ஆளில்லாத அந்த மேஜையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.