அண்ணியின் அயனைசர்

அயனைசரின் பின்பக்கத் திருகு முழுக்கத் திரும்பியிருந்தது.

நேற்றுதான் அதைக் கால் சுற்றில் வைத்திருந்தான். மகள் அறைக்குள் நுழைந்ததுமே மூக்கில் ஏறியது, மின்னல் இறங்கிய இடத்தில் வருமே, அந்தக் கூரிய வாடை.

"நீ தொட்டியா?" என்று மனைவியைக் கேட்டான்.

"எனக்கு வேற வேலை இல்லையா? அந்தச் சனியனப் பாத்தாலே பிடிக்கல."

ஐந்து வயது மகளுக்கு அது இருக்கும் அலமாரி உச்சி எட்டாது. திருகைக் கால் சுற்றுக்கு இறக்கிவிட்டு வேலைக்குப் போனான்.

அவன் வேலையே வீடுகளில் காற்றைச் சுத்தம் செய்யும் அயனைசர் பொருத்துவதுதான். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஊசிமுனைகள் காற்றில் அயனிகளைக் கக்கும், அவை தூசியைப் பிடிக்கும், தூசி போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். திருகைக் கூட்டினால் ஓசோன் வாடையும் கூடும், நெஞ்சுக்கு ஆகாது. ஆனால் வாடை வராவிட்டால் வாங்கியவர்கள் "ஓடுதா, இல்லையா?" என்று போன் மேல் போன் போட்டு உயிரை எடுப்பார்கள். அந்தத் தொல்லைக்குப் பயந்தே பொருத்துகிறவர்கள் திருகை முழுக்கத் திருகிவிட்டு வருவார்கள். அவனும் ஊருக்கெல்லாம் முழுச் சுற்று வைத்தவன்தான். தன் பிள்ளைக்கு மட்டும் கால் சுற்று.

அண்ணிக்கும் முழுச் சுற்றுதான். வீசிங் உள்ளவள். மூன்று முறை கேட்டாள்.

"தம்பி, நெஞ்சு எரியுது. கொஞ்சம் கொறைச்சு வச்சுட்டுப் போங்களேன்."

"பழகிடும் அண்ணி. ஜன்னல மட்டும் திறந்துடாதீங்க."

ஸ்க்ரூடிரைவர் சட்டைப் பையிலேயே இருந்தது. எழுந்துபோய்த் திருகச் சோம்பல், அவ்வளவுதான். பாவி, அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை. சொன்ன சொல் தட்டாதவள், ஜன்னலைத் திறக்காமலே மூச்சடைத்துச் செத்துப்போனாள். "இது என் கண்ணுல படக் கூடாதுடா" என்று அண்ணன் மெஷினைக் கழற்றிக் கொடுத்தான். நல்ல மெஷின், வீணாய்ப் போவானேன் என்று அவன் தன் வீட்டுக்கே கொண்டுவந்தான். மகளுக்கும் வீசிங்.

மறுநாளும் திருகு முழுச் சுற்றில் நின்றது. கட்டிலை ஒட்டிய சுவரில் கரும்படலம் வேறு. "கருப்பு படிஞ்சா மெஷின் ஓடுதுன்னு அர்த்தம்" என்று எத்தனையோ வீடுகளில் அவனே சமாளித்திருக்கிறான். ஆனால் தூசி மெஷினுக்குப் பக்கத்தில்தான் படியும். இது எதிர்ச் சுவர். ஈரத்துணியால் துடைத்தான். அடுத்த நாள் அதே இடத்தில் இரண்டு தோள்கள் படிந்திருந்தன. அதையும் துடைத்தான். அதற்கடுத்த நாள் கழுத்தும், ஒரு பக்கமாகச் சரிந்த கொண்டையும். அண்ணி அப்படித்தான் கொண்டை போடுவாள்.

"பெரியம்மா நிக்கிறாங்க" என்றாள் மகள், பொம்மைக்குச் சட்டை மாட்டியபடி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி கடைக்குப் போயிருந்தாள். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சமையலறைக் குழாய் சொட்டுவதும் தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்ப்பதும் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவற்றுக்கு அடியில், மகள் தூங்கும் அறையிலிருந்து, ஓட்டைக் குழலில் ஊதுவது போல மெல்லிய நீண்ட விசில் ஒன்று ஏறி இறங்குவது காதில் விழுந்தது. வீசிங் விசில்தான். ஆனால் குழந்தையின் மூச்சு அவ்வளவு நீளம் வராது.

அறைக்கு ஓடினான். வாடை கண்ணைக் கரித்தது. மகள் அமைதியாகத் தூங்கினாள். விசில் சுவரிலிருந்து வந்தது. இப்போது உருவம் முழுதாக இருந்தது, புடவை மடிப்பு உட்பட.

பிளக்கைப் பிடுங்கினான்.

விசில் நின்றது. மகளின் மூச்சும் நின்றது.

உலுக்கினான். உதடு நீலம் பாய்ந்தது. தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனான். தாழ் அசையவில்லை. கதவுக்கு ஓடினான். கதவும்தான். குழந்தை கையில் துணிபோலத் தொங்கினாள். இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினான். மருந்து உள்ளே போகவில்லை. புகையாக உதட்டோடு திரும்பியது.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் அழுகை வந்தது.

குழந்தையைக் கட்டிலில் கிடத்தினான். பிளக்கைச் செருகினான்.

மகள் மூச்சிழுத்தாள். ஒரே ஒரு மூச்சு. அதற்கு மேல் இல்லை. அலமாரி உச்சியில் திருகு, அவன் காலையில் இறக்கி வைத்த கால் சுற்றிலேயே.

"அண்ணி, வேணாம் அண்ணி. நான் செஞ்சது தப்பு. இவ என்ன பண்ணினா?"

சுவர் காத்திருந்தது.

ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். அரைச் சுற்று. மகளின் நெஞ்சு லேசாக ஏறியது. முக்கால். உதட்டில் சிவப்பு திரும்பியது. முழுச் சுற்று. அவள் புரண்டு படுத்து, கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டாள். நிம்மதியான, சத்தமில்லாத மூச்சு.

அவன் நெஞ்சுக்குள் தீ இறங்கியது. இருமினான். அடுத்த மூச்சு விசிலாக வந்தது.

பிளக் பாயிண்டிலிருந்து நழுவத் தொடங்கியது, தானாக. குழந்தையின் விரல் வாயிலிருந்து விழுந்தது. பாய்ந்து அழுத்திப் பிடித்தான். கையை எடுத்தால் நழுவும். எடுக்க முடியாது.

வெளியே மனைவி வந்துவிட்டாள். "ஏங்க, கதவு ஏன் திறக்க மாட்டேங்குது? என்ன வாடை இது? ஏங்க!"

பதில் சொல்லக் காற்று போதவில்லை. முழங்காலில் சரிந்தான். கை மட்டும் பிளக்கை விடவில்லை.

சுவரிலிருந்து ஒரு கருப்புக் கை நீண்டு, தூங்கும் குழந்தையின் மார்பில் படிந்திருந்தது. மூச்சுக்கு மூச்சு அது ஏறியது, இறங்கியது, தட்டித் தூங்க வைப்பது போல. கொண்டை சரிந்த தலை அவன் பக்கம் திரும்பியிருந்தது.

அதன் அருகே வெள்ளைச் சுவரில், முழங்காலிட்டு, ஒரு கையை நீட்டிய ஆணுருவம் ஒன்று கீழிருந்து மெல்ல மெல்லக் கருத்து வந்தது. இடுப்பு. நெஞ்சு. கழுத்து.