குழவிக்கு வைத்த பெயர்

மெத்தையில் இரண்டு பள்ளங்கள் இருந்தன.

ஒன்று அனுசியா படுத்திருந்த இடம். மூன்று மாதம் நிறையப்போகும் பிள்ளையின் பாரத்துக்கு எவ்வளவு அமுங்குமோ அவ்வளவுதான் அமுங்கியிருந்தது. பிள்ளையைத் தூக்கியதுமே மெத்தை மேலே வந்து சமமாகிவிட்டது. இன்னொன்று அதற்குப் பக்கத்தில், சுவரோரமாக, ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் இருந்தது. அது மேலே வரவில்லை. வெங்கடேஸ்வரி உள்ளங்கையை அதில் வைத்துப் பார்த்தாள். யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

வாங்கிப் போட்டு நான்கு நாள்தான் ஆகிறது. மெத்தையில் கோளாறு இருக்க வழியே இல்லை. ராஜபாளையத்தில் அவளைப்போல ஒரு மெத்தையைத் தட்டிப் பார்த்து, குத்திப் பார்த்து, முகர்ந்து பார்த்து வாங்கியவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். கடைக்காரர்கள் அவளை மறந்திருக்கவும் மாட்டார்கள், பாவம்.

அது வேலையற்ற பயம் இல்லை. மூன்று வருடங்களுக்கு முன்னால் அவளுடைய முதல் பிள்ளை கௌதம்ராஜ், பிறந்த தொண்ணூறாவது நாள் மத்தியானம், வயிறு நிறையப் பால் குடித்துவிட்டு அவளுடைய கல்யாண மெத்தையில் தூங்கினான். நாலு பக்கமும் தலையணை அண்டக்கொடுத்திருந்தாள். ஒருக்களித்துப் படுத்திருந்தவன் சரிந்து தலையணைக்குள் முகம் புதைந்ததை யாரும் பார்க்கவில்லை. அவள் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சிணுங்கல்கூடக் கேட்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் சத்தமில்லாமல் இருந்தால் அவள் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள்.

அதனால் அனுசியா பிறந்ததும் டாக்டரம்மா சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டாள். தலையணை கூடாது. கனத்த போர்வை கூடாது. மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தைக்கும் பக்கப் பலகைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையக் கூடாது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே பிள்ளையின் தலை நுழையக் கூடாது. இந்தத் தாளோடு ராஜபாளையத்தில் மூன்று கடைகள் ஏறி இறங்கினாள். ஒன்றில் கட்டைகள் அகல அகலமாக இருந்தன. ஒன்றில் பக்கப் பலகையை ஏற்றி இறக்கும் கொக்கி கையோடு கழன்று வந்தது. இன்னொன்றில் பெயின்ட் வாடை தலைக்கேறியது.

கடைசியில் அவளுடைய மதினி கல்பனாதான் வழி சொன்னாள். கல்பனா அவள் கணவன் முத்துக்குமரனின் அக்கா, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வாழ்க்கைப்பட்டவள். முத்துக்குமரன் பட்டாளத்தில், போன் சரியாக எடுக்காத ஏதோ ஒரு மலையில் இருந்தான். அதனால் பிள்ளைக்குத் துணையாக மதினி வந்து தங்கியிருந்தாள். இருவருமாகக் கல்பனாவுக்குத் தெரிந்த ஆல்வின் ஆசாரியின் பட்டறைக்குப் போனார்கள். வெங்கடேஸ்வரி டேப்பை எடுத்து ஒவ்வொரு இடைவெளியாக அளந்ததைப் பார்த்து ஆல்வின் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

“மெத்தை எப்படி வேணும் தங்கச்சி?”

“கல்லு மாதிரி வேணும்ண்ணே.”

“எல்லாரும் பஞ்சு கணக்காத்தான் கேப்பாக. நீங்க கல்லு கேக்குதீக.”

“அமுக்குனா ஒடனே மேல வரணும். பள்ளம் நிக்கக் கூடாது.”

கல்பனா சிரித்துவிட்டாள். “எந்தம்பி மகளுக்கு ரோடு போடச் சொல்லுதா. போட்டுக் குடுங்கண்ணே.”

வெள்ளிக்கிழமை தொட்டில் வந்து இறங்கியது. வேப்பங்கட்டையில், நாலு காலும் தரையில் ஊன்றி, ஆடாமல் அசையாமல் நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க வெங்கடேஸ்வரிக்கு மூன்று வருடமாக நெஞ்சில் ஏறியிருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. பிள்ளையைக் கிடத்தப் போனவளைக் கல்பனா தடுத்தாள்.

“ஆடுனாலும் ஆடாட்டாலும் தொட்டில் தொட்டில்தான் ஈஸ்வரி. வெறுந்தொட்டில்ல பிள்ளையப் போடக் கூடாது. மொதல்ல குழவி படுக்கணும்.”

அம்மியில் அரைக்கிற குழவிக்கல்லைத்தான் சொன்னாள். அதைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பச்சைப்பிள்ளை மாதிரித் துணியில் சுற்றித் தொட்டிலில் போட வேண்டும். பேர் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டுத் தாலாட்டி, பிறகு எடுத்துவிட வேண்டும். புதுத்தொட்டிலுக்கென்று காத்துக் கிடப்பது எதுவானாலும் அந்தக் கல்லைப் பிள்ளை என்று நம்பி அதோடு போய்விடும். பிள்ளையும் குழவி, கல்லும் குழவி. வருவது குழம்பிப் போகட்டும் என்பதுதான் ஏற்பாடு. அந்த வீட்டில் வழிவழியாகக் கல்லுக்கு வைக்கிற பேர் கல்லுப்பிள்ளை. வேறு பேர் எதுவும் சொல்லக் கூடாது.

கல்பனா சூடம் கொளுத்தத் திரும்பினாள். வெங்கடேஸ்வரி கையில் கல் இருந்தது. மஞ்சள் ஈரத்தோடு, துணிக்குள், அது ஒரு பிள்ளையின் கனம் கனத்தது. அவள் இடது கை தானாகவே அதன் தலைப்பக்கத்தைத் தாங்கிக்கொண்டது. குனிந்தாள். கல்லுப்பிள்ளை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“கௌதம்,” என்றாள்.

தப்பு என்று அப்போதே தெரிந்தது. தெரிந்தும், மற்ற இரண்டு தடவையும் உதடு மட்டும் அசைய அந்தப் பேரையே சொன்னாள். மூன்று வருடமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பேர். சொன்னதும் அவளுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை மதினியிடம்கூடச் சொல்ல முடியாது. கல்லை எடுத்துக்கொண்டு போய்ப் பின்வாசல் அம்மியில் வைத்துவிட்டு வந்து, அனுசியாவைக் கிடத்தினாள்.

மறுநாளே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மேற்கே மலை மறைந்துபோய், பகல் பன்னிரண்டு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. தெருக்கோடியில் ஓடும் பேண்டேஜ் துணித் தறிகளின் சத்தமும் மழைச் சத்தமும் ஒன்றாகி, ஈரச்சுவரின் வாடையும் தறிநூலுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாடையும் அறைக்குள் வந்து தங்கிவிட்டன. அவற்றுக்கு நடுவே இன்னொரு சத்தம். பின்வாசலில் ஆளே இல்லாதபோது அம்மியில் கல் கரகரவென்று ஒரு தரம் உருளும், நின்றுவிடும். காற்று என்று நினைத்தாள். ஆனால் காற்றுக்கு ஏன் தனக்குப் பால் சுரக்க வேண்டும் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. அனுசியா அழுதால் சுரக்காத பால், கல் உருண்டால் ஜாக்கெட்டை நனைத்தது.

நான்காம் நாள் காலையில்தான் அந்த இரண்டாவது பள்ளத்தைப் பார்த்தாள். அன்றைக்கே மத்தியானம் கரண்ட் போனது. மிக்ஸி ஓடாததால் கல்பனா துவையலுக்கு மிளகாயும் உப்பும் எடுத்துக்கொண்டு அம்மிக்குப் போனாள்.

“மதினி, அந்தக் கல்லால மொளகா அரைக்காதீங்க.”

“பின்ன எதால அரைக்க?”

“எரியும்.”

“யாருக்கு?”

கல்பனா கல்லில் கை வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள்.

“வெயில் அடிச்சு நாலு நாளாச்சு,” என்றாள். “இதென்னட்டி இப்படிச் சுடுது.”

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கல்பனா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

“எத்தன தடவ சொன்ன?”

“மூணு.”

“அனுசியாவுக்கு இன்னிக்கு எத்தனாவது நாளு?”

“எம்பத்தொம்போது.”

கல்பனா கையைக் கழுவினாள். மிளகாயை அரைக்கவேயில்லை, ஆனாலும் வெகுநேரம் கழுவினாள். “தொட்டில் ஒண்ணுதான ஈஸ்வரி,” என்றாள். “ரெண்டு பேரு எப்படிப் படுக்க?”

அன்று இராத்திரி இரண்டு பேரும் பிள்ளையை மாற்றி மாற்றி மடியிலேயே வைத்திருந்தார்கள். விடிந்ததும் கல்பனா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். ஓடுகிற தண்ணீரில் போட்டுவிட்டால் போய்விடும். செண்பகத்தோப்பு ஓடையில் இந்த மழைக்குத் தண்ணீர் கிடக்கும். ஸ்கூட்டரில் போய்ப் பாலத்திலிருந்து போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவாள்.

“ஆனா பேரு வச்சவதான் சுத்திக் குடுக்கணும். ஒன் கையால முடிச்சுப் போட்டுக் குடு. நான் அவுக்க மாட்டேன்.”

மழை செத்த நேரம் விடட்டும் என்று காத்திருந்து பகல் இரண்டு மணி ஆகிவிட்டது. மழை விடவில்லை. கரண்டும் இல்லை. ஒரு நிமிஷம்தானே, கல் அம்மியில்தானே கிடக்கிறது என்று, தூங்கிவிட்ட அனுசியாவைத் தொட்டிலில் கிடத்திவிட்டு வெங்கடேஸ்வரி பின்வாசலுக்குப் போனாள். அம்மி மட்டும் கிடந்தது. கல் இருந்த இடம் காய்ந்து, ஒரு முழ நீளத்துக்கு வெளுப்பாகத் தெரிந்தது.

திரும்பி அறைக்கு வந்தாள்.

தொட்டிலில் இரண்டு இருந்தன.

இரண்டிலும் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. ஒரே நீளம். ஒரே பருமன். இருட்டில் இரண்டுமே சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. துணி யார் சுற்றியது என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் கத்திவிடுவாள். கத்தினால் பிள்ளை விழித்துக்கொள்ளும்.

வாசலில் கல்பனா ஒயர்க் கூடையோடு நின்றாள். “போன்ல லைட் அடிக்கவா?”

“வேண்டாம் மதினி.”

வெளிச்சம் வந்தால் முகம் தெரியும். முகம் தெரிந்துவிட்டால் அவளால் கொடுக்க முடியாது. அதுதான் பயம். கண்ணை மூடிக்கொண்டாள். கையை நீட்டினாள். இந்தப் பக்கம் தொட்டாள். வெதுவெதுப்பு. அந்தப் பக்கம் தொட்டாள். அதுவும் வெதுவெதுப்பு. சுவரோரம் பள்ளத்தில் கிடந்ததுதான் கல். அது கல்லின் இடம். நான்கு நாளாக அது கிடந்த இடம். அதைத் தூக்கினாள். பழைய துண்டில் வைத்து, மூடி, முடிச்சுப் போட்டாள். ஒன்று. இரண்டு. மூன்று. மூட்டை அசையவில்லை. அசையாததே அவளுக்குப் போதுமாக இருந்தது. கண்ணைத் திறக்காமலே நீட்டினாள்.

“சூடாத்தான் இருக்கு,” என்றாள் கல்பனா. ஸ்கூட்டர் சத்தம் மழைக்குள் போய்ச் சேர்ந்தது.

தொட்டிலில் மிச்சமிருந்த பிள்ளை கொஞ்ச நேரத்தில் நெளிந்தது. அழவில்லை. உதட்டைச் சப்பும் சத்தம் மட்டும் கேட்டது. வெங்கடேஸ்வரிக்கு உயிர் வந்தது. தொட்டில் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டு, இருட்டிலேயே பால் கொடுத்தாள். வெகுநாளுக்குப் பிறகு பால் பொங்கிக்கொண்டு வந்தது. தன்னை அறியாமல் முன்னும் பின்னும் ஆடினாள். போனது போகட்டும், இவள் இருக்கிறாள், இவள் போதும் என்று சொல்லிக்கொண்டாள். மனசாரச் சொன்னாள்.

போன் அடித்தபோது மூன்றரை மணி இருக்கும். எட்டி எடுத்தாள்.

“ஈஸ்வரி, போட்டுட்டேன்.” தண்ணீர் இரைச்சலுக்கு நடுவே கல்பனாவின் குரல் விட்டு விட்டு வந்தது.

“சரி மதினி. பாத்து வாங்க.”

“இல்லட்டி. தொப்புன்னு சத்தமே வரல. கல்லு விழுந்தா வருமில்ல. அதான் திரும்பிப் பாத்துட்டேன்.”

“மதினி?”

“கல்லு முங்கலட்டி.” கல்பனா மூச்சு வாங்கினாள். “மெதக்குது.”

இரைச்சல்.

“துண்டு அவுந்து போச்சு ஈஸ்வரி. ஏட்டி, என்னத்தட்டி குடுத்துவிட்ட எங்கிட்ட—”

“எடுங்க மதினி. தண்ணியில எறங்குங்க. எடுங்க.”

லைன் எப்போதோ அறுந்திருந்தது.

எழப் பார்த்தாள். முடியவில்லை. தொடைமேல் பாரம். இரண்டு கையாலும் மடியில் இருந்ததைத் தள்ளினாள். நகரவில்லை. இன்னும் கனத்தது. முழங்கால் எலும்பு தரையில் அழுந்தியது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. வாசற்கதவு பத்தடி தூரத்தில் திறந்துதான் கிடந்தது. தெருவில் யாரோ குடை பிடித்துப் போனார்கள். கத்தினாள். மழை.

கரண்ட் வந்தது. டியூப்லைட் இரண்டு தடவை கண்சிமிட்டி எரிந்தது.

மடியில் இருந்தவன் கண்ணை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். உதடு நீலம். இடது கன்னத்தில் தலையணைத் தையல் அழுந்திய தடம் அப்படியே இருந்தது. பிஞ்சு விரல்கள் அவள் மாராப்பைப் பிடித்திருந்தன. வாயை எடுக்காமல், அவசரமே இல்லாமல், குடித்துக்கொண்டிருந்தான்.