றஜீவனுக்குப் படைத்த எட்டு

லண்டன் செவன் கிங்ஸ் ஸ்டேஷனில் இறங்கி என் தங்கை கஜந்தினியின் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. வாசலில் செருப்பும் சப்பாத்தும் குவிந்து கிடந்தன. செத்த வீட்டுக்கு வருகிற மாதிரியே வந்திருந்தார்கள். ஆனால் அந்த வீட்டில் யாரும் செத்ததாக ஒருவரும் சொல்லவில்லை, அம்பலவாணன் அண்ணையைத் தவிர. படையலுக்குக் கணவாய் மீன் வாங்கி வரச் சொல்லி, அவளுடைய அக்காவான எனக்கு போன் பண்ணியதும் அவர்தான். நான் வெறுங்கையோடுதான் போனேன்.

கஜந்தினியின் கணவன் றஜீவன், வேலையிடத்து ஆட்களோடு ஜோர்தானுக்கு மலையேறப் போனவன். ரோட்டில் இருந்து ஒரு பகல் முழுக்க மணலில் நடந்தால்தான் அந்த மலையின் அடிவாரமே வருமாம். மரம் கிடையாது, குடியிருப்பு கிடையாது, வெறும் சிவப்புப் பாறை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே மற்றவர்கள் களைத்துப்போய் உட்கார, ஒரு படம் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று தனியே ஏறினான். மணல் காற்று கிளம்பியது. ஆள் திரும்பவில்லை. ஹெலிகாப்டர் வந்து தேடியது, பிறகு அந்தத் தேடலும் குறைந்துவிட்டது.

அம்பலவாணன் அண்ணை றஜீவனின் தமையன். அடுத்த மாதக் கடைசியில் அவருடைய மகளுக்குக் கல்யாணம். அந்த நேரம் பார்த்து உடல் கிடைத்துத் துடக்கு என்கிற சாவுத் தீட்டு வந்தால் கல்யாணம் நின்றுவிடும். அதனால் தம்பி காணாமல் போன நாளையே செத்த நாளாக்கி, எட்டாம் நாள் சடங்கையும் முப்பத்தோராம் நாள் சடங்கையும் முன்கூட்டியே முடித்துவிடப் பார்த்தார். எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, ஓர் அறையில் இலை போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவது எங்கள் வழக்கம். அதைத்தான் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்றே தெரியாத ஒருவனுக்குச் செய்யத் துணிந்தார்.

காணாமல் போனவர்களுக்குக் கிரியை செய்யக் கூடாது என்று எங்கள் சனத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஊரில் எத்தனை தாய்மார் யுத்தத்தில் காணாமல் போன பிள்ளையின் படத்தோடு ரோட்டில் இருந்தார்கள். அந்தப் படத்துக்கு மாலை போடச் சொன்னவனை அடிக்கப் போனார்கள். அதே சனம்தான் அன்றைக்கு என் தங்கையின் சோஃபாவில் இருந்து பிளேன்ரீ குடித்தது. வெட்கம் கெட்ட சனம்.

"அத்தான், அவர் உயிரோட இருக்கிறார்," என்றாள் கஜந்தினி.

"பிள்ளை, தண்ணியில்லாத இடத்தில எவ்வளவு நாளைக்குத்தான் இருக்கேலும்? அவன்ர ஆத்மா அலையக்கூடாது."

"தேடச் சொல்லி எம்பசிக்கு இப்பவும் போன் எடுத்துக்கொண்டிருக்கிறன். வீட்டில எட்டுச் செய்துபோட்டு எந்த முகத்தோட கேக்கிறது?"

அம்பலவாணன் அண்ணை இலையைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார். நான் மறித்துப் பார்த்தேன். நாலு பேர் என்னை இழுத்துப் பிடித்தார்கள்.

இடியப்பம், கணவாய்க் கறி, பொரித்த இறால், ஒரு செம்பு நிறையத் தண்ணீர். எல்லாம் வைத்துவிட்டு அறை வாசற்படியில் நின்று கூப்பிட்டார்.

"றஜீவன், வா. வந்து சாப்பிடு."

மூன்று தரம் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

வெளியே லண்டன் இருட்டத் தொடங்கியிருந்தது. எல்லோரும் நடையில் நின்றோம். கறி மணம் கதவிடுக்கால் வந்தது. பிறகு அந்த மணம் மெல்லக் குறைந்து, வேறொன்று வந்தது. வெயிலில் காய்ந்த கல்லின் மணம். ஹீட்டர் போடாத வீட்டில் கதவுப் பக்கமிருந்து அனல் அடித்தது.

உள்ளே யாரோ தண்ணீர் குடித்தார்கள்.

மடக் மடக்கென்று.

ஒரு செம்புத் தண்ணீரை எவ்வளவு நேரம் குடிக்கலாம்? அந்தச் சத்தம் நிற்கவேயில்லை. கஜந்தினி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சத்தம் ஓய்ந்ததும் கதவைத் திறந்தார்கள். சாப்பாடு வைத்தபடியே இருந்தது. செம்பு வறண்டிருந்தது. பச்சை வாழையிலை சருகாகிப்போய்க் கிடந்தது. ஜன்னலில் இருந்து இலை வரைக்கும் கார்ப்பெட்டில் சிவப்பு மணலில் கால்தடம் இருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

"என்ர தம்பி வந்திட்டான்!" அம்பலவாணன் அண்ணை தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகையில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அதை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

அதோடு கஜந்தினி உடைந்துபோனாள். எம்பசிக்கு போன் எடுப்பதை விட்டாள். வீட்டைப் பூட்டி, வால்தம்ஸ்டோவில் இருக்கும் என் வீட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

இரண்டு நாள் கழித்து எம்பசியில் இருந்து போன் வந்தது.

றஜீவன் உயிரோடு இருந்தான். உச்சிக்குக் கீழே ஒரு பாறை வெடிப்புக்குள், கால் முறிந்து, குழியில் தேங்கிய மழைத்தண்ணீரைக் குடித்துக் கிடந்தவனை ஆடு மேய்ப்பவர்கள் கண்டிருக்கிறார்கள். கஜந்தினி என்னைக் கட்டிப்பிடித்துச் சிரித்தாள், அழுதாள், அம்பலவாணன் அண்ணைக்கு போன் எடுத்து வாய்க்கு வந்தபடி திட்டினாள். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தத் தண்ணீரைக் குடித்தது யார் என்ற கேள்வி எனக்குள் கிடந்தது. அவளிடம் கேட்கப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்து விட்டதும் றஜீவன் ஹீத்ரோவுக்கு வந்து இறங்கினான். உதடெல்லாம் வெடித்து, பாதி ஆளாகிப்போயிருந்தான். கஜந்தினி கார் ஓட்ட, பின்சீட்டில் என் பக்கத்தில் இருந்தான். படையலைப் பற்றி நாங்கள் மூச்சு விடவில்லை. குரலே இல்லாத குரலில் அவனாகத்தான் சொன்னான்.

"அக்கா, அங்க என்னோட ஒருத்தன் இருந்தவன்."

"ஆர்?"

"தெரியாது. உச்சியில ஒரு கல்லுக் குவியலுக்குப் பக்கத்தில இருந்தவன். நான் விழுந்தாப்பிறகு என்ர பக்கத்தில வந்து இருந்திட்டான். ஒண்டும் கதைக்கேல்லை. நான் தண்ணி குடிக்கேக்க என்ர வாயையே பாத்துக்கொண்டிருப்பான்."

கஜந்தினி காரின் வேகத்தைக் குறைத்தாள்.

"ஒருநாள் இருட்டினாப்பிறகு அண்ணையின்ர குரல் கேட்டது. என்ர பெயரைச் சொல்லி, வந்து சாப்பிடு எண்டு. எழும்பப் பாத்தன், ஏலாமப் போச்சு."

வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டான்.

"அவன் எழும்பிப் போனவன்."

என் வீட்டுக்குப் போவோம் என்று கஜந்தினியிடம் கெஞ்சினேன். அவள் கேட்கவில்லை. அவரை அவருடைய வீட்டுக்குத்தான் கொண்டு போவேன் என்று பிடிவாதமாக ஓட்டினாள். இத்தனை நாளும் அவள் கேட்டுக் கிடந்தது அது ஒன்றுதானே.

போய்ச் சேரும்போது பொழுதுபட்டுவிட்டது. வீட்டில் ஒரு லைட் இல்லை. பூட்டினபடியே கிடந்தது. றஜீவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வாசல் வரை வந்தான். அவள் திறப்பை எடுத்துக் கதவுப் பூட்டில் போட்டாள்.

உள்ளே யாரோ படியிறங்கி வந்தார்கள்.

கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். காய்ந்த கல்லின் மணம் அடித்தது. பிறகு ஒரு குரல் கேட்டது. மலைக்குப் போக முன்னர் றஜீவனுக்கு இருந்த நல்ல குரல்.

"கஜி, இவ்வளவு நாளும் எங்க போனனீர்? உம்மோட ஆர் வந்திருக்கிறது?"

அவள் தோளில் இருந்த கையை றஜீவன் மெல்ல எடுத்தான்.

உள்ளே கதவுச் சங்கிலி கழன்றது.